துபாய்க்குப் போன சர்வர்

எங்கள் வீட்டு சர்வரைப் புகழ்கிறவர்கள், அதை அமைத்தவளின் பெயரை மட்டும் விட்டுவிடுவார்கள். முதலில் விட்டவன் நான்தான். கரமனையில் எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும், ஃபிரிட்ஜின் மேல் ஓயாமல் ஓடும் அந்தச் சிறு கம்ப்யூட்டரைக் காட்டி, "தண்ணி மோட்டார், காலை அலாரம், எல்லாம் இதுவே பார்த்துக்கும்" என்று நெஞ்சை நிமிர்த்துவேன். அதை அமைத்த என் மனைவி விஜயலக்ஷ்மி அப்போது வந்தவர்களுக்குக் காபி கலந்துகொண்டிருப்பாள்.

அவளுக்குக் கழக்கூட்டத்தில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை கிடைத்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். கம்பெனி பஸ் ஆறேகாலுக்கு.

"காலைச் சமையல் இனிமே உங்களோடது. அஞ்சு மணிக்கு சர்வர் கூப்பிடும்" என்றாள்.

பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொள்வதற்கு எழுந்திருக்க வேண்டியதில்லையே.

ஞாயிறு பகல் அவள் கோயிலுக்குப் போயிருந்தாள். இணையத்தில் படித்த ஒரே ஒரு வரியைத் தட்டினேன். ஓடிக்கொண்டிருந்த சர்வர், நிற்காமலே, இந்திய நேரத்திலிருந்து துபாய் நேரத்துக்குக் குடிபெயர்ந்தது. ஊரில் பாதிப் பேர் விசா எடுத்துச் செய்ததை நான் பனியனோடு உட்கார்ந்து செய்துவிட்டேன். அங்கே கடிகாரம் ஒன்றரை மணி நேரம் பின்னால்; அத்தனையும் எனக்கு லாபம். அலாரம் ஆறரைக்குத்தான் அடிக்கும்; பஸ் போயிருக்கும்; பழி சர்வர்மேல் விழும்; மனம் வெறுத்து அவளே அடுக்களைக்குத் திரும்புவாள். என் அறிவை நானே மெச்சிக்கொண்டேன். வேறு யாரும் மெச்சாததால்.

திங்கட்கிழமை. ஸ்பீக்கர் அலறியது: "அனந்தபத்மநாபன் அடுக்களைக்கு வரவும்!"

"இன்னும் ஒன்றரை மணி இருக்கே!" என்றேன், போர்வைக்குள்ளிருந்து.

"எதுக்கு?" குளித்துப் புடவை கட்டி நின்றாள்.

"அலாரத்துக்கு."

"அலாரம் அஞ்சுக்கு. இப்போ அஞ்சு."

"சர்வர்ல மூணரைதான் ஆக்கும்!"

"படுத்துண்டே எப்படித் தெரிஞ்சுது?"

போர்வையை மேலும் இழுத்துக்கொண்டேன். அது போதவில்லை.

"கடிகாரத்தை மாத்தினேள். அலாரம் அடிக்கிற புரோகிராம் முன்னாலேயே ஓடிண்டிருக்கு. கிளம்பும்போது எந்த ஊர் நேரத்தை எடுத்துண்டுதோ, அதைத்தான் பிடிச்சுண்டிருக்கும். அதை நிறுத்தித் திரும்பக் கிளப்பினால்தான் புது நேரம் அதுக்கு ஏறும்."

"உனக்கு எப்போ தெரியும்?"

"நேத்து சாயங்காலம். ஆறு மணிக்கு மோட்டார் ஓடித்து, ஸ்கிரீன்ல நாலரை."

"அப்பவே கேட்டிருக்கலாமே?"

"நீங்களே சொல்லுவேள்னு தெரியும். எழுந்திருங்கோ, தோசைக்கல் காயறது."

முதல் தோசை கல்லைவிட்டு வரவில்லை. இரண்டாவது வந்தது, மூன்று துண்டாக. அவள் மூன்றையும் தின்றுவிட்டு, பஸ்ஸுக்கு ஐந்து நிமிஷம் முன்னதாகவே தெருமுனையில் நின்றாள்.

மூன்று வருஷம் ஆகிறது. விஜயலக்ஷ்மி இன்று அந்தக் கம்பெனியின் சர்வர் பிரிவுக்குத் தலைவி. அவளுக்குக் கீழே நாற்பது பேர் வேலை செய்கிறார்கள். என்னைச் சேர்த்தால் நாற்பத்தொன்று.