டிராயிங் ஆபீசுக்குக் கிறிஸ்மஸ் பரிசு வாங்கிய விவரம்

சேசு மரி சூசை துணை

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
28 டிசம்பர் 1934

என்றும் என் மரியாதைக்குரிய லியனார்ட் அத்தான் அவர்களுக்கு, மைத்துனன் ரபேல் தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நானும் உர்சுலாவும் மகள் டொரத்தியும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம். கிள்ளானில் தாங்களும் சாந்தமேரி அக்காவும் இருதயமும் எங்களைவிட ஒரு படி மேலாகவே இருக்கவேண்டும் என்று மன்றாடுகிறோம். தாங்கள் ரயிலில் அனுப்பிய நண்டுகள் உயிரோடு வந்து சேர்ந்தன. அதில் ஒன்று உர்சுலாவின் தையல் மெஷினுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, பெருநாளன்று விருந்தாளிகள் உட்கார்ந்திருந்தபோது வெளியே வந்து எல்லாரையும் பார்த்துவிட்டுப் போனது. மற்றவை மிகவும் ருசி. அதற்காக என் முதல் நன்றி.

நிற்க. மருமகன் இருதயம் வருகிற மாதம் ஒரு டிராயிங் ஆபீசில் சேரப்போகிறான், அங்கே மேலே இருப்பவர்களுக்கு வருஷப்பிறப்புக்கு என்ன கொடுக்கலாம், உன் மகள் அந்த வேலையில்தானே இருக்கிறாள், உனக்குத் தெரியும் என்று கேட்டிருந்தீர்கள். அத்தான், எனக்குத் தெரியாது என்பதை இந்த மாதம்தான் தெரிந்துகொண்டேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

ரப்பர் விலை விழுந்த வருஷத்தில் ரயில்வேயில் ஆட்குறைப்பு என்று என்னை முன்னதாகவே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் அல்லவா, அப்போது எங்கள் அடுப்பு அணையாமல் இருந்ததற்குக் காரணம் தம்புசாமி. டொரத்தியைத் தம் கம்பெனியில் வேலைக்குச் சேர்த்துவிட்டவர்; அங்கே அவர்தான் பெரிய டிராப்ட்ஸ்மேன். துரைமார் கட்டப்போகிற வீட்டையும் பங்களாவையும் பென்சிலால் முதலில் வரைவது அவர். அதன்மேல், அடியில் உள்ளது தெரியும் மெல்லிய துணியை விரித்து, மையால் அப்படியே எடுத்து எழுதுவது டொரத்தி. பெண்பிள்ளைக்கு இந்த வேலை எதற்கு என்று ஆபீசில் முணுமுணுத்தபோது, "கோடு போட்டுப் பாருங்க, கோட்டுல ஆம்பள பொம்பள தெரியுதான்னு சொல்லுங்க" என்று அவர் ஒரே பேச்சில் முடித்துவிட்டாராம். அப்படிப்பட்ட மனிதருக்கு இந்தக் கிறிஸ்மஸுக்காவது ஏதேனும் நல்லதாகக் கொடுத்தால்தான் என் மனம் ஆறும் என்று கிளம்பினேன். வம்பு அங்கே தொடங்கியது.

பத்து ரோட்டுக் கடையில் முதலில் ஒரு பூ ஜாடி வாங்கினேன். மயில் படம் போட்டது, நல்ல கனம். மேசைமேல் வைத்து நானே நாலு பக்கமும் சுற்றிப் பார்த்து மகிழ்ந்துகொண்டிருந்தபோது, டொரத்தியோடு வேலை செய்யும் பாலன் ஏதோ தகவல் சொல்ல வந்தான். அந்தப் பையனுக்கு வேலை, கட்டி முடித்தால் வீடு எப்படி இருக்கும் என்று வர்ணத்தில் தீட்டிக் காட்டுவது. வந்தவன் தகவலைச் சொல்லவில்லை. தலையைச் சாய்த்தான். ஒரு கண்ணை மூடினான். "ஐயா, கோவிச்சுக்காதீங்க, ஜாடி சாயுது" என்றான். மேசை சாய்கிறது என்றேன். மேசைக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு, "மேசையும் சாயுது, அது வேற பக்கம்" என்றான். போகிற போக்கில் சுவரில் இருந்த திருஇருதயப் படத்தையும் நேராக்கிவிட்டுப் போனான். இத்தனை வருஷமாகக் கோணலான படத்துக்கு முன்னால்தான் செபமாலை சொல்லியிருக்கிறோம் என்று உர்சுலாவுக்கு அன்றைக்கெல்லாம் வருத்தம். ஜாடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு டை ஒன்று வாங்கி வந்தேன். டொரத்தி அதை வெளிச்சத்தில் பிடித்து, "அப்பா, இது என்ன கலர்?" என்றாள். பச்சை என்றேன். "பச்சைன்னு கடைக்காரன் சொன்னானா, நீங்களா சொல்றீங்களா?" என்றாள். அதையும் திருப்பினேன். பத்து ரோட்டில் அந்தப் பக்கமாக நான் இப்போது நடப்பதில்லை.

அப்போதுதான் உர்சுலா, "ஏங்க, கடைச் சாமான் எதுக்கு? நானே கைக்குட்டை தைச்சுத் தரேன்" என்றாள். அத்தான், டொரத்தி மையால் எழுதும் அந்த டிரேஸிங் துணியைத் தாங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். லேசான நீலம், கஞ்சி போட்டு இழைத்து, காகிதம்போல விறைப்பாக இருக்கும். வெந்நீரில் ஊறப்போட்டுக் கசக்கினால் கஞ்சியோடு மையும் கழன்று போய், வெண்ணெய் மாதிரி மெல்லிய துணி ஒன்று கையில் மிஞ்சும். கடையில் கேட்டால் கிடைக்காது. ஆபீசில் தள்ளிப்போட்ட பழைய படங்களை டொரத்தி கேட்டு வாங்கி வருவாள். உர்சுலா அதில் தலையணை உறைகூடத் தைத்திருக்கிறாள். சனிக்கிழமை டொரத்தி கோயிலில் குடில் ஜோடிக்கப் போயிருந்தாள். அவள் கட்டில்மேல் ஒரு துணி சுருட்டி இருந்தது. உர்சுலா ஊறவைத்தாள், கசக்கினாள், இஸ்திரி போட்டாள், வெட்டினாள், ஓரம் அடித்தாள், மூலையில் பட்டுநூலால் ஒரு எழுத்தும் பூவும் போட்டாள். பார்க்கப் பார்க்க எனக்குப் பெருமை தாங்கவில்லை. மகள் வரட்டும் என்றுகூட இருக்கவில்லை. டப்பாவில் மடித்து வைத்துக்கொண்டு, தம்புசாமி குடியிருக்கும் சாலாக் செலாத்தானுக்கு ரயிலேறிவிட்டேன்.

அவர் வாசலில் தம் அறுந்த செருப்பைத் தைத்துக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து உபசரித்தார். டப்பாவைத் திறந்தார். முகம் மலர்ந்தது. ஒரு கைக்குட்டையை விரித்து வெளிச்சத்தில் பிடித்தார். அத்தான், மலர்ந்த முகம் அப்படியே நின்றுவிட்டது.

"ரபேல் அண்ணே, இந்தத் துணி ஏது?"

"வீட்டுல கிடந்ததுங்க. பழசு."

"பழசில்ல அண்ணே. இந்தா பாருங்க, லேசா கோடு தெரியுது. இது கிள்ளான் முதலாளி பங்களாவோட சமையக்கட்டு. உங்க மக நேத்துதான் போட்டா. திங்கக்கிழமை காலையில துரை மேசையில இருக்கணும்."

அவசரத்துக்கு, மிச்சமிருந்த எழுத்தை மட்டும் வீட்டில் வைத்து முடித்துக்கொண்டு வா என்று துரைக்குத் தெரியாமல் கொடுத்தனுப்பியவரே தம்புசாமிதானாம். படம் இல்லையென்றால் டொரத்தியின் வேலை போகும். கொடுத்தனுப்பியதற்காக அவர் வேலையும் போகும். நன்றி சொல்லப் போன இடத்தில் நான் அந்த மனிதரின் சோற்றிலேயே கை வைத்துவிட்டேன். அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன் என்று எழுத எனக்கு வெட்கமில்லை. அவர் சம்சாரம் உள்ளேயிருந்து மோர் கொண்டுவந்து கொடுத்தார்கள். தம்புசாமி ஒரு கைக்குட்டையை எடுத்து, "தொடைச்சுக்கங்க அண்ணே, இனி அது வேற எதுக்கும் ஆகாது" என்றார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் துடைத்துக்கொண்டேன். "பென்சில் படம் ஆபீசுலதான் இருக்கு. நாளைக்குப் பூசை முடிஞ்சதும் டொரத்தியை வரச் சொல்லுங்க. பாலனையும் கூப்பிட்டுக்கறேன். வீட்டுல யாரும் பிள்ளையைத் திட்டாதீங்க" என்றார்.

டொரத்தி திட்டவில்லை. என் கையிலிருந்த கைக்குட்டையைப் பார்த்து, "அம்மா, தையல் ரொம்ப நல்லாயிருக்கு" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதைவிட அவள் திட்டியிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை நானும் உர்சுலாவும் சாப்பாட்டுக் கூடையோடு ஆபீசுக்குப் போனபோது, மூன்று பேரும் ஒரு படத்தின்மேல் கவிழ்ந்திருந்தார்கள். பாலன் எல்லைக்கோடு, தம்புசாமி எழுத்து, மகள் உள்ளே உள்ள சுவரெல்லாம். திடீரென்று டொரத்தியின் பேனா நின்றது. பென்சில் படத்தைத் தடவினாள். மறுபடி தடவினாள். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டு, "சார், தப்பா நெனைக்காதீங்க. முதல் தடவை அவசரத்துல எனக்கும் தெரியல. இந்தச் சமையக்கட்டுக்குள்ள எப்படிப் போறது?" என்றாள்.

தம்புசாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். ஜன்னல் இருந்தது, அடுப்பு மேடை இருந்தது, புகைபோக்கி இருந்தது. கதவு இல்லை. அத்தனை பெரிய பங்களாவில் சமையல்காரர் ஜன்னல் வழியாகத்தான் ஏறிக் குதிக்கவேண்டும். வரைந்தவர் அவரேதான். பாலன் வாயைப் பொத்திக்கொண்டு மூலைக்குப் போய்விட்டான். தம்புசாமி உர்சுலாவைப் பார்த்துக் கும்பிட்டார். "அம்மா, நீங்க மட்டும் அதை ஊறவைக்கலேன்னா, இது அப்படியே துரைகிட்ட போயி, கொத்தன் கைக்குப் போயிருக்கும்" என்றார். உர்சுலா கூடையைத் திறந்தாள். "சோறு ஆறுது, சாப்பிடுங்க" என்றாள்.

சாப்பிட்டபின் கதவைப் பென்சிலால் அவரே போட்டார். மையால் டொரத்தி போட்டாள். படம் முடிந்ததும் மூலையில் வரைந்தவர் என்று தம் எழுத்தைப் போடும் இடத்தில் அவர் போடவில்லை. பேனாவை அவளிடம் நீட்டினார். "உன் பேரப் போடு. பார்த்தது நீதானே" என்றார். அவள் ஆர்.டி. என்று போட்டாள். அத்தான், அந்த இரண்டு எழுத்தில் ஒன்று என்னுடையது, ரபேல். முப்பது வருஷம் கூட்ஸ் ஷெட்டில் வேலை பார்த்தேன். எதிலும் என் பெயர் இப்படி அழகாக இருந்ததில்லை. நான் நன்றி சொல்லக் கொண்டுபோனதெல்லாம் தப்பாகிப்போக, அவர்தான் எனக்குப் பரிசு கொடுத்து அனுப்பினார்.

ஆகவே தாங்கள் கேட்டதற்கு என் புத்திக்கு எட்டிய பதில்: டிராயிங் ஆபீஸ்காரர்களுக்கு உருவமுள்ள எதையும் கொடுக்காதீர்கள், அளந்துவிடுவார்கள். நிறமுள்ள எதையும் கொடுக்காதீர்கள், வெளிச்சத்தில் பிடிப்பார்கள். துணி கூடவே கூடாது. தின்பண்டம் ஒன்றே உத்தமம். நாங்கள் பெருநாளன்று உர்சுலா சுட்ட கேக்கைத்தான் எல்லாருக்கும் கொடுத்தோம். பாலன்கூட, கேக் ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது என்று சொல்லிக்கொண்டே அந்தப் பக்கத்தைத் தின்று சரிசெய்தான். தம்புசாமி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். இருதயத்துக்கும் அப்படியே செய்யச் சொல்லுங்கள். ஒரு குறையும் வராது என்று நான் உறுதி கூறுகிறேன்.

அக்காவுக்கு என் அன்பு. இருதயத்துக்கு எங்கள் ஆசீர்; அவன் போடும் கோடெல்லாம் நேராக விழட்டும். புதிய வருஷம் உங்கள் வீட்டில் நிறைவோடு நுழையட்டும்.

இப்படிக்கு,
நன்றி மறவாத மைத்துனன்,
ம. ரபேல்

பி.கு.: உறையை ஒட்டுமுன் உர்சுலா பாசாரிலிருந்து வந்து ஒரு சேதி சொன்னாள். அங்கே தம்புசாமியின் சம்சாரத்தைப் பார்த்தாளாம். இது மார்கழி; அவர்கள் வீட்டில் முட்டை வாசமே ஆகாதாம். கேக்கை அன்றைக்கே அண்டை வீட்டில் கொடுத்துவிட்டு, நாங்கள் வருத்தப்படுவோம் என்று சொல்லாமல் இருந்திருக்கிறார்கள். கைக்குட்டையைத்தான் அவர் தினமும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஆபீசுக்குப் போகிறாராம். துரைசானி அதைப் பார்த்துவிட்டு, இது எந்தக் கடை, எனக்கும் ஒரு டஜன் வேண்டும் என்கிறாராம். ஆகையால் மேலே எழுதியதைத் தள்ளிவிடுங்கள். இருதயம் வேலையில் சேர்ந்ததும், அந்த ஆபீசில் கிடைக்கும் படத்துணியை எல்லாம் எங்களுக்கு அனுப்பிவைக்கச் சொல்லுங்கள். பழையதுதானா என்று அவன் இரண்டு பேரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.