ஆகவே அக்காவின் ஆங்கிலப் பேப்பர்

தஞ்சாவூர் ஜில்லாவிலேயே வார்த்தைகளை ஆகவே அக்காவைப் போலச் சிக்கனமாகச் செலவழித்தவர் கிடையாது. மழை வருமா என்று கேட்டால் வானத்தை ஒருமுறை பார்ப்பாள், அதுதான் பதில். தப்பித் தவறிப் பேசினால் அதில் ஒரு 'ஆகவே' இருக்கும். நிஜப் பெயர் ஹாஸ்டல் ரிஜிஸ்தருக்கு மட்டுமே தெரியும்.

பி.எஸ்ஸி. கணிதத்தில் எல்லாப் பேப்பரிலும் நூறை ஒட்டிய மார்க். துணைப்பாடமான பௌதிகம் முடிந்தது, தமிழும் முடிந்தது. ஆனால் ஆங்கிலம் தேறாமல் பட்டம் கிடையாது. அந்த ஒரு பேப்பருக்காக, படிப்பு முடிந்த பிறகும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை திருவையாற்றுப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி, தங்கும் நாட்களின் சமையலுக்கென்று இடுப்பில் ஒரு பூசணிக்காயோடு எங்கள் ஹாஸ்டலுக்கு வந்து இறங்குவாள்.

"மறுபடியுமா?" என்பார் வார்டன்.

"ஆமாங்க. ஆகவே பூசணி."

ஹாஸ்டலே கூடி அவளுக்குப் பாடம் எடுத்தது. பசுவைப் பற்றி ஆங்கிலத்தில் கட்டுரை எழுதச் சொன்னேன். 'கொடுக்கப்பட்டது: ஒரு பசு. நிரூபிக்க வேண்டியது: அது பயனுள்ளது. நிரூபணம்: பால் தருகிறது. ஆகவே பயனுள்ளது.' ஒரு பிழை இல்லை. மொத்தம் நான்கு வரி.

"ரெண்டு பக்கம் எழுதணுங்க்கா."

"அதான் நிரூபிச்சாச்சே. இன்னும் யாருக்குச் சந்தேகம்?"

நான் கடைசி வருடம் படித்தபோது, நான்காம் முறையாக வந்தாள். கையில் பூசணி இல்லை. வார்டனே பயந்துபோய் என்ன என்று கேட்டார்.

"மிராசுதார் நிலத்தை விடச் சொல்லிட்டாருங்க. இருபது வருஷமா அப்பாதான் உழுவுறாரு. குத்தகைப் பதிவுல அவரு பேரு இல்லையாம். விவசாயச் சங்கத்துக்காரங்க வயல்ல கொடி நட்டிருக்காங்க. நான் தேறுனா டீச்சர் வேலை. இல்லன்னா ஆவணியில மாமா பையனோட கல்யாணம்."

அவள் அவ்வளவு பேசி நாங்கள் கேட்டதே இல்லை. அன்று யாரும் சிரிக்கவில்லை.

பரீட்சையில், உங்கள் ஊர்ப் பிரச்சினை பற்றி ஓர் அதிகாரிக்குக் கடிதம் எழுதுக என்று ஒரு கேள்வி. எல்லோரும் வெளியே வந்த பிறகு, விரலெல்லாம் மையாக அக்கா வந்தாள். மூன்று முறை கூடுதல் தாள் வாங்கினாளாம்.

"எத்தனை பக்கங்க்கா?"

"பதினொண்ணு."

"முடிச்சிட்டீங்களா?"

"எங்க? மணி அடிச்சுட்டாங்க."

ஊருக்குப் போனதும் அதையே தமிழில் முழுக்க எழுதித் தாசில்தாரிடம் கொடுத்திருக்கிறாள். விசாரணைக்கு வந்தார்கள். பாதி நிலம் அப்பா பேரில் பதிவானது, பாதி போய்விட்டது. அக்கா பின்னாளில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சரானாள்.

அந்தப் பரீட்சையின் ரிசல்ட் பேப்பரில் வந்த காலை, வார்டன் உட்பட ஹாஸ்டலே ஒரே தாளின் மேல் கவிழ்ந்து அவள் நம்பரைத் தேடியது. கிடைத்ததும் சமையல்காரம்மா எல்லோர் வாயிலும் சர்க்கரை போட்டார். அதே தாளில் எங்கள் நம்பர்களும் இருந்தன என்பது மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் எங்களுக்கு ஞாபகம் வந்தது.