தலைகீழாய்த் தூங்கிய சிந்தாமணி

போன் பேசும் அளவுக்குச் சிக்னல் அத்திமரத்தடியில் மட்டுமே கிடைக்கும் ஒரு காட்டில், அந்த மரத்திலேயே சிந்தாமணி என்ற வௌவால் குடியிருந்தது. இரவெல்லாம் பழம் தேடிப் பறந்துவிட்டு, பகலெல்லாம் நிம்மதியாகத் தொங்கித் தூங்கும்.

ஒருநாள் நடுப்பகலில், போன் பேச வந்த சடையாண்டி என்ற கரடி அண்ணாந்து பார்த்தது. அடுத்தவர் கஷ்டம் பொறுக்காத மனசு அதற்கு.

"அடப்பாவமே! யாரோ இதைத் தலைகீழாத் தொங்க விட்டுட்டாங்களே!"

உடனே படம் பிடித்துக் காட்டுக் குழுவில் போட்டது. முயல்கள், மான்கள், மயில்கள் எல்லாம் ஓடி வந்தன. சிந்தாமணியை இறக்கி, இலைப்படுக்கையில் மல்லாக்கப் படுக்கவைத்து, தலையணையும் கொடுத்தன.

"என்னங்க இது? நான் தூங்கிட்டிருந்தேன்!" என்று கத்தியது வௌவால்.

"பாவம், பிதற்றுது" என்றது மயில்.

"எங்க அம்மாவும் இப்படித்தாங்க தூங்குவாங்க!"

"ஐயோ, பரம்பரை வியாதி!" என்று முயல் கண்ணைத் துடைத்துக்கொண்டது.

வைத்தியர் கொக்கு வந்து நாடி பார்த்தது. "தனக்கு நோயே இல்லை என்று சொல்வதுதான் இந்த நோய்க்கு முதல் அறிகுறி. கட்டிப் போடுங்கள்."

கட்டினார்கள். சிந்தாமணிக்குப் பகலில் தூக்கமில்லை, இரவில் சாப்பாடில்லை. உடம்பு துரும்பாய் இளைத்தது. இப்படியே போனால் செத்துவிடுவோம் என்று அதற்குப் புரிந்துபோயிற்று.

நாலாம் நாள் சடையாண்டி நலம் விசாரிக்க வந்ததும், சிந்தாமணி கும்பிட்டது. "அண்ணே, நீங்க என் தெய்வம். எனக்குப் பூரணமா குணமாயிடுச்சு."

கூட்டம் கைதட்டிக் கட்டை அவிழ்த்தது.

"ஆனா ஒண்ணு" என்று சிந்தாமணி குரலைத் தாழ்த்தியது. "இந்த வெயில்ல அண்ணன் உடம்பெல்லாம் எவ்வளவு முடி, பாத்தீங்களா? யாருமே அவரைக் கவனிக்கறதில்லையா?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"எனக்கு ஒண்ணுமில்லைங்க! நான் கரடிங்க!" என்றது சடையாண்டி.

"சத்தம் போடுகிறார். முற்றிவிட்டது" என்றது கொக்கு. முயல்கள் கத்தரிக்கோல் எடுக்க ஓடின.

சாயங்காலம் மொழுமொழுவென்று குகைக்குத் திரும்பிய சடையாண்டியை, "யாருய்யா நீ?" என்று அதன் மனைவியே விரட்டினாள்.

சிந்தாமணிக்கு மனசு கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. ஆனால் உறுத்தலைவிடத் தூக்கம் பெரிது. கிளையைப் பற்றித் தொங்கியது, குறட்டை விட்டது.

நீதி: உதவ வருபவர்களிடம் வேண்டாம் என்று கெஞ்சாதே, பக்கத்தில் நிற்பவரைக் காட்டு.