அரைக்கிலோ கங்காணியும் பட்டாளத்துத் துவக்கும்

உலகத்தில் எந்தப் பொருளையும் முழுசாக மதித்தறியாத ஒரே மனிதர் எங்கள் அரைக்கிலோ கங்காணிதான். நோர்வூட்டுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில், கொழுந்து நிறுக்கிற இடத்தில் நின்று "ஈரத்துக்கு அரைக்கிலோ வெட்டு!" என்று எடையைக் குறைக்கச் சொல்லிக் கத்தியே பாதி ஆயுசைக் கழித்தவர். வெயில் மண்டையைப் பிளக்கும் மாசியிலும் அவர் கண்ணுக்கு மட்டும் கொழுந்தில் ஈரம் தெரியும். சொந்த மனைவி செல்லம்மாவின் கூடையில் ஒரு கிலோவே வெட்டுவார், யாரும் பாரபட்சம் என்று சொல்லிவிடக் கூடாதாம். அந்த மகராசி அன்று இரவு அவர் தட்டில் ஒரு ரொட்டியை வெட்டிவிடுவாள்.

கல்யாண வீட்டில் யாராவது "மாப்பிள்ளை நல்ல ஒசரம்" என்றால் போதும். "கால்ல போட்டிருக்கிற சப்பாத்துக்கு ரெண்டு அங்குலம் வெட்டிக்கப்பா" என்பார்.

வயதான பிறகு அவருக்குப் பெரிய பங்களாவில் காவல் வேலை கொடுத்தார்கள். அங்கே சுவரில் ஒரு பட்டாளத்துத் துவக்கு, பழங்காலத் துப்பாக்கி, தொங்கியது. எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரத் தொரை சீமையிலிருந்து கொண்டுவந்தது. அது இருக்கும்வரைதான் பங்களாவுக்குத் தோட்டத்துக் காவல்காரர். துவக்கு போனால் வேலை போகும், வேலை போனால் அவர் குடியிருந்த ஒற்றை அறையான லயத்துக் காம்பிராவையும் விட வேண்டும். செல்லம்மா கண்மூடிய காம்பிரா அது. அவள் கொழுந்துக்கூடை இன்னும் அங்கே ஆணியில் தொங்கியது.

அப்போதுதான் கொழும்பிலிருந்து ஒருவர் பெர்மிட்டோடு துவக்கை வாங்க வந்தார். தோட்ட ஆபீசில் கிளாக்கராக இருந்த நான் அவரைப் பங்களாவுக்குக் கூட்டிப் போனேன்.

வந்தவர் விஷயம் தெரிந்தவர். பூட்டிலும் உடம்பிலும் ஒரே நம்பர் இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. குழாயை ஜன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்து உள்ளே பார்த்தார். "உள்ளே திருகு வரியெல்லாம் தேயாம இருக்கே!" என்று முகம் மலர்ந்தார்.

கங்காணி அவசரமாகக் குறுக்கே வந்தார். "மழை ஊருங்க ஐயா. உள்ளுக்கு ஈரம் இருக்கும். அரைக்கிலோ வெட்டிக்குங்க."

வந்தவர் துவக்கைத் திருப்பினார். கட்டை கண்ணாடி மாதிரி மின்னியது. அவர் முகம் சுருங்கியது.

"இதை யார் தேய்ச்சது?"

"நாந்தாங்க. ஆயுத பூசைக்கு ஆயுத பூசை உப்புத்தாள் போட்டு ஒரச்சு, வார்னிஷ் அடிச்சு, பொட்டு வச்சுருவேன்."

"பட்டாளத்து முத்திரையெல்லாம் போச்சே! பழைய மரத்தை ஒரசினா மதிப்பே போயிரும். பாதிக்கு மேல வெட்ட வேண்டியதுதான்."

கங்காணிக்கு வேண்டியதும் அந்த வெட்டுதான், மதிப்புப் போனால் துவக்கு சுவரிலேயே தங்கிவிடும். ஆனால் அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"என்னங்க வெட்டுறது? புள்ளையக் குளிப்பாட்டுற மாதிரில்ல பாத்துக்கிட்டேன்! இதுல ஒரு குந்துமணி வெட்டக்கூடாது. முழு மதிப்பு போடுங்க!"

வாழ்க்கையில் முதல்முறையாக அந்த வாயிலிருந்து 'முழு' என்ற சொல் வந்தது, அதுவும் எந்த நேரத்தில்! நான் அவர் காலை நன்றாக மிதித்தேன்.

"ஏன் தம்பி மிதிக்கிறீங்க?" என்று அதையும் சத்தமாகக் கேட்டார்.

நல்லவேளை, வந்தவர் மசியவில்லை. துவக்கை ஆணியில் மாட்டிவிட்டு வெறுங்கையோடு போனார். காம்பிரா தப்பியது. கங்காணிக்கு மட்டும் மனசு ஆறவே இல்லை. "வெட்டிட்டானே தம்பி" என்று என்னிடம் ஒரு தடவை புலம்பினார். "செல்லம்மாவுக்கு இப்பிடித்தான் இருந்திருக்கும், இல்ல?"

எனக்குக் கொழும்பில் வேலை கிடைத்துப் புறப்பட்டபோது ஹட்டன் ஸ்டேசனுக்கு வந்து ஒரு பையைக் கையில் திணித்தார். "நம்ம தோட்டத் தேயிலைத் தூளு தம்பி. சரியா ஒரு கிலோ இருக்கு."

நான்தான் அவரைத் தெரிந்தவன் ஆயிற்றே. கொழும்புக்கு வந்ததும் வராததுமாகப் பக்கத்துக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன். ஒன்றரைக் கிலோ இருந்தது.

இப்போது கங்காணி இல்லை. இந்த வெக்கையில் தேத்தண்ணி ஊற்றும்போதெல்லாம் அந்த மலையையும் குளிரையும் விட, அவர் சும்மா கொடுத்த அந்த அரைக்கிலோவுக்குத்தான் மனசு ஏங்குகிறது.