பிறத்தியார் முழங்கால்

நலம் விசாரிப்பவர்களில் ஒரு தனி இனம் உண்டு. உங்களுக்குக் காய்ச்சல் என்றால் முதலில் போன் செய்வது இவர்கள்தான். குரலில் அப்படி ஒரு கனிவு. "அவசரமே இல்ல, நல்லா ஓய்வெடுங்க" என்பார்கள். அந்த 'நல்லா'வில் மட்டும் லேசாக ஓர் இழுப்பு இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? நீங்கள் படுத்தால் காலியாகிற நாற்காலி எது, அதில் அடுத்து உட்காரப் போகிறவர் யார் என்ற கணக்கு அந்த இழுப்புக்குள் ஓடிக்கொண்டிருக்கும்.

இந்த இனம் முழு வளர்ச்சி அடைந்த நிலையில் எப்படி இருக்கும் என்று பார்க்க, டென்னிஸ் ஆடும் பெண்ணைப் பெற்ற ஓர் அப்பாவிடம் போக வேண்டும். நம் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரிடமே போவோம்.

விஷயம் இதுதான். மிகப் பெரிய போட்டிகளில் தரவரிசையின் மேல்தட்டு நேராக உள்ளே போய்விடும். அடுத்த தட்டு தகுதிச் சுற்று ஆடி, ஜெயித்து, பிறகு போகும். அந்தத் தகுதிச் சுற்றில் நுழையவும் ஒரு கோடு உண்டு. கடைக்காரரின் மகள் அந்தக் கோட்டுக்குக் கீழே மூன்றாவதாக நின்றாள். மேலே யாராவது உடம்பு சரியில்லை என்று விலகினால் கீழே நிற்பவர்கள் ஆளுக்கொரு படி ஏறலாம். ஆக, மூன்று பேர் விலகினால் போதும். இவ்வளவு பெரிய உலகத்தில் மூன்று பேருக்கு உடம்பு சரியில்லாமல் போவது ஒரு அதிசயமா?

அன்றிலிருந்து அவர் உடம்புகளைப் படிக்கத் தொடங்கினார். கடையில் வாடிக்கையாளரை எழுத்துப் பலகைக்கு எதிரே உட்கார வைத்து, ஒரு கண்ணை மூடச் சொல்லிவிட்டு, மறு கையில் போனைத் திறந்து, எந்த ஊரில் எவள் பாதி ஆட்டத்தில் வெளியேறினாள், வெளியேறும்போது எந்தக் காலைத் தாங்கி நடந்தாள், தாங்கியது வலியா நடிப்பா என்று ஆராய்ந்து, வாடிக்கையாளர் கடைசி வரி வரை படித்து முடித்துவிட்டு அடுத்த கண்ணை மூடலாமா என்று கேட்கும்போது, "தசைநார்தான், சந்தேகமே இல்ல" என்பார். இதைக் கேட்டுப் பயந்து கண் மருத்துவரிடம் ஓடியவர்களும் உண்டு.

அடிபட வேண்டும் என்று அவர் ஒருநாளும் வேண்டியதில்லை. அப்படி நினைப்பவன் மனுஷனா என்று அவரே கேட்பார். பட்ட அடி முழுசாக ஆற வேண்டும், அதுவும் நிதானமாக ஆற வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை. முகம் தெரியாத அந்தப் பெண்களுக்கெல்லாம் போனில் தன் கையாலேயே எழுதுவார்: அவசரமே இல்லம்மா, நல்லா ஓய்வெடு, உடம்புதான் முக்கியம். சில பெண்கள் உருகி நன்றி சொன்னார்கள். ஒருத்தி மட்டும் சீக்கிரமே வந்துவிடுவேன் அங்கிள் என்று பதில் எழுதினாள். அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த மனைவி ஒருநாள் கேட்டாள். "என் முழங்காலுந்தான் ஒரு வருஷமா வலிக்குது. நான் எந்த ராங்க்ல இருக்கேன்?"

இடையில் ஒரு துரோகம் நடந்தது. நீண்ட நாள் காயத்தில் ஒதுங்கியிருந்தவர்கள் பழைய தரவரிசையோடு திரும்பலாம் என்று ஒரு விதி. அதைப் பிடித்துக்கொண்டு ஓர் இடதுகைக்காரி குணமாகி வந்து நின்றாள். மகள் நாலாவது இடத்துக்கு இறங்கினாள். குணமாகிறவர்களைப் போல ஈவிரக்கமற்றவர்கள் உலகத்தில் கிடையாது என்று கடைக்காரர் அன்று கண்டுகொண்டார்.

ஆனாலும் காலம் கனிந்தது. ஒருத்திக்கு இடுப்புப் பிடிப்பு. இன்னொருத்திக்கு வயிற்றுத் தசை. மேல்தட்டில் இரண்டு பேர் காய்ச்சலில் படுக்க, தகுதிச் சுற்றிலிருந்து இரண்டு பேர் அங்கே ஏறிப் போனார்கள். மகள் கோட்டைத் தாண்டிவிட்டாள். கடைக்கு வந்த அத்தனை பேருக்கும் கண்ணாடி துடைக்கும் துணி இலவசம்.

மறுநாள் காலை அவர் மகள் பயிற்சி செய்யும் மைதானத்துக்குப் போனார். வேலியோரம் அச்சகக்காரர் நின்றிருந்தார். அவருடைய மகளும் ஆடுகிறாள். தரவரிசையில் இவர் மகளுக்கு நேர் கீழே. அச்சகக்காரர் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். கையில் ஒரு களிம்புக் குழாய் வேறு.

"சந்தோஷங்க. ஆமா, பாப்பா மணிக்கட்டு இப்ப எப்படி இருக்கு? அவசரமே இல்லைன்னு சொல்லுங்க. நல்லா ஓய்வெடுக்கட்டும்."

அந்த 'நல்லா'வில் ஓர் இழுப்பு இருந்தது. அந்த இழுப்பைத் தன் சொந்தக் கையெழுத்தைப் போலக் கடைக்காரர் அடையாளம் கண்டுகொண்டார்.

"மணிக்கட்டா? கல்லு மாதிரி இருக்கு" என்றார். பிறகுதான் திரும்பிப் பார்த்தார். மகளின் வலது மணிக்கட்டில் அகலமான வியர்வைப் பட்டை. புது நாகரிகம் போலிருக்கிறது என்று அவர் பல வாரமாக நினைத்துக்கொண்டிருந்த பட்டை. அவள் ஒரு பந்தையும் ஓங்கி அடிக்கவில்லை. எல்லாவற்றையும் தடவித் தடவி அனுப்பிக்கொண்டிருந்தாள். மங்கலான வீடியோவில், கண்டம் தாண்டி, எவளோ ஒருத்தியின் கணுக்கால் வீக்கத்தைக் கண்டுபிடித்த கண் அது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று தன் பெண்ணின் கையைப் பார்க்க அதற்குத் தெரியாமல் போய்விட்டது.

அவள் தண்ணீர் குடிக்க வந்தபோது பட்டையை விலக்கினார். அடியில் கட்டு. தொட்டதும் அவள் பல்லைக் கடித்தாள்.

"ஏம்மா சொல்லல?"

"சொன்னா நீங்க கணக்கைத் திருப்பிப் போடணுமேப்பா."

அவர் கணக்கைத் திருப்பிப் போட்டார். ஆடினால் இந்த ஒரு போட்டி. கை போனால் எல்லாப் போட்டியும். ஊரார் தசைநார்களைப் படித்தவருக்கு இது தெரியாதா?

"யார் யாருக்கோ எழுதுவீங்கல்ல" என்றாள் மகள். "அதை எனக்கும் ஒரு தடவை சொல்லுங்கப்பா."

தினம் விரலில் ஓடிய வாக்கியம்தான். வாயால் சொல்வது இதுதான் முதல் தடவை. வேலியோரம் அச்சகக்காரர் களிம்பைப் பிடித்தபடி, மூச்சையும் பிடித்தபடி நின்றிருந்தார்.

"அவசரமே இல்லம்மா. நல்லா ஓய்வெடு."

இந்த முறை இழுப்பு இல்லை. மகள் அன்றே விலகினாள். அச்சகக்காரர் மகள் உள்ளே போனாள். அச்சகக்காரர் கையில் திணித்துவிட்டுப் போன அந்தக் களிம்பை வீட்டுக்குக் கொண்டுவந்து, மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்து, முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டார் கடைக்காரர். மனைவி அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"யாருக்கு இடம் வேணும்?" என்றாள்.

நீங்கள் அந்த இனம் இல்லை, தெரியும். ஆனால் மேலே நாலு பெண்கள் படுத்தார்களே, அப்போது உங்களுக்கும் கொஞ்சம் சந்தோஷமாகத்தானே இருந்தது? அவர்களுக்கும் அப்பாக்கள் இருந்திருப்பார்கள். போகட்டும், அதை விடுங்கள். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? முகம் கொஞ்சம் வாடியிருக்கிறதே. அவசரமே இல்லை, நல்லா ஓய்வெடுங்கள்.