லேசருக்கு நான் பயந்தவன் அல்ல

என் கண் என்னுடையது. அதில் யார் கை வைக்கலாம், யார் வைக்கக் கூடாது என்பதை நான்தான் முடிவு செய்வேன். இதை முதலிலேயே அழுத்திச் சொல்லிவிடுகிறேன். பின்னால் படிக்கப்போவதை வைத்து நீங்கள் வேறு மாதிரி நினைத்துவிடக் கூடாது.

பாட்டில் தொழிற்சாலையில் கீறல் பார்ப்பது என் வேலை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பாட்டிலை மூக்கருகே பிடிப்பேன். முடி அளவு கீறல்கூட என்னிடமிருந்து தப்பாது. ஆனால் கழற்றி வைத்த கண்ணாடி மட்டும் எப்போதும் தப்பிவிடும். எனக்குக் கிட்டப்பார்வை. கைக்கு எட்டாதது கண்ணுக்கும் எட்டாது. கண்ணாடியைத் தேட எனக்கு இன்னொரு கண்ணாடி வேண்டும். இத்தனை வருஷமாக அந்த இன்னொரு கண்ணாடி, என் மனைவி.

அன்று காலை அவள் அதை ஃப்ரிட்ஜில் கண்டுபிடித்தாள்.

“இது எப்படிங்க இங்க வந்துச்சு?”

“தக்காளி எடுத்தப்போ வெச்சிருப்பேன்.”

“அப்ப தக்காளி எங்க?”

தக்காளி கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்தது. நான் பேச்சை மாற்ற வேண்டியிருந்தது. நல்ல வேளையாக, டீ டம்ளருக்கு அடியில் ஒரு கண் மருத்துவமனை நோட்டீஸ் கிடந்தது. லேசர் சிகிச்சை, கண்ணாடிக்கு விடை கொடுங்கள் என்று போட்டிருந்தது.

“நான் லேசர் பண்ணிக்கப் போறேன்,” என்றேன்.

“ஐயையோ, வேணவே வேணாம்!”

“ஏன் வேணாம்?”

“அதுக்கெல்லாம் துணிச்சல் வேணுங்க. காதுல அழுக்கு எடுக்கவே உங்களை ரெண்டு பேர் பிடிக்கணும்.”

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுக்காரர் ஏணி கேட்டு வாசலில் வந்து நின்றார். தெருவில் அவருக்கு ஒலிபெருக்கி என்று பெயர். அவர் காதில் விழுந்தால் ஊர் காதில் விழுந்த மாதிரி.

“அண்ணே, நிஜமாவா? கண்ணுலயா?”

“கண்ணுலதான். ரெண்டு கண்ணுலயும்!” என்றேன்.

சாயங்காலம் முடிதிருத்துபவர் என்னைக் கைகுலுக்கி வழியனுப்பினார்.

பரிசோதனைக்குப் போனோம். சொட்டு மருந்து விட்டுக் கண்ணின் பாப்பாவை விரித்தார்கள். உலகம் பொழுது சாயும்வரை மங்கலாகவே இருந்தது. கருவிழி மெலிதாக இருந்தால் லேசர் செய்ய மாட்டோம் என்றார் டாக்டரம்மா. எனக்குள் ஒரு சின்ன வெளிச்சம். ஆனால் அவர் கருவியைப் பார்த்துவிட்டுச் சொன்னார், “உங்களுக்கு நல்ல தடிமன் சார்.”

“எல்லா இடத்துலயும் அப்படித்தான் டாக்டர்,” என்றாள் மனைவி.

பயமா? எனக்கா? கிடையாது. ஆனால் ஒரு கணவன் தன் மனைவியின் கண்ணீரை மதிக்க வேண்டுமல்லவா? அவள் இன்னும் ஒரே ஒரு தடவை ‘வேணாம்’ என்று சொன்னால், அவளுக்காகப் பெருந்தன்மையோடு விட்டுக்கொடுப்பது என்று தீர்மானித்தேன். சொல்ல வைப்பதுதான் பாக்கி. சாப்பிட உட்கார்ந்ததும் ஆரம்பித்தேன்.

“இமை மூடாம இருக்கக் கம்பி மாட்டுவாங்களாம்.”

“முன்னாடியே மரத்துப்போற சொட்டு விட்டுடுவாங்களே.”

“கண்ணை வளையம் வெச்சு அமுக்குவாங்களாம். கும்மிருட்டா ஆயிடுமாம்!”

“கொஞ்ச வினாடிதானாம்.”

“முடி கருகுற வாசனை வருமாம்!”

“நீங்க சட்டைக்கு இஸ்திரி போடுறப்ப வராத வாசனையா?”

கடைசி அம்பை எடுத்தேன். “இந்த வயசுல லேசர் பண்ணா தூரம்தான் தெளிவாகுமாம். கிட்டத்துல பார்க்கக் கண்ணாடி போடணுமாம். என் வேலையே கிட்டத்துலதானே இருக்கு?”

“அதைக் கயிறு கட்டிக் கழுத்துல மாட்டிக்கலாம். ஃப்ரிட்ஜுக்குப் போகாது.”

“இதோ பார். நீ ஒரு வார்த்தை சொல்லு. இப்பவே நிறுத்திடுறேன்.”

“நான் எதுக்குங்க சொல்லணும்? உங்க கண்ணு, உங்க முடிவு.”

என் கொள்கையை எனக்கே பரிமாறினாள். மறுபடி போட்டுக்கொள்ளவும் சொல்லவில்லை.

அந்த நாள் வந்தது. பச்சை அங்கியும் தொப்பியும் மாட்டிவிட்டார்கள். அறுவை அறை வாசலில் நின்று திரும்பிப் பார்த்தேன். ஓடி வந்து தடுக்க அவளுக்கு அப்போதும் நேரம் இருந்தது.

“போயிட்டு வாங்க,” என்றாள். கடைக்கு அனுப்புவதுபோல.

“பச்சை வெளிச்சத்தையே பாருங்க. அசையாதீங்க. பேசாதீங்க,” என்றார் டாக்டரம்மா. பார்ப்பதுதான் கஷ்டமாக இருந்தது. மற்ற இரண்டுக்கும் வீட்டிலேயே பயிற்சி உண்டு. கண்ணில் ஓர் அழுத்தம். இருட்டு. பிறகு டக்டக்கென்று ஓசை, சொன்னபடியே கருகல் வாசனை. நான் கத்தினேன் என்று எதிர்வீட்டுக்காரர் பரப்புவது பச்சைப் பொய். அவர் அங்கே இல்லவே இல்லை. ‘அம்மா!’ என்றது உண்மை. அது டாக்டரம்மாவைக் கூப்பிட்டது.

இரண்டாவது கண்ணுக்கு இன்னும் கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் கண்ணில் மணலை அள்ளிப் போட்டதுபோல் எரிச்சல். தாரை தாரையாக நீர். தூக்கத்தில் கசக்கிவிடாமலிருக்கக் கண்மேல் பிளாஸ்டிக் மூடி. ஒரு தூக்கம் போட்டு எழுந்தபோது எரிச்சல் அடங்கியிருந்தது. எதிர்ச் சுவரில் கடிகாரம் தெரிந்தது. முள் தெரிந்தது. முள்ளின் நிழலும் தெரிந்தது. வெற்றி என்று நினைத்தேன்.

மறுநாள் மருத்துவமனையில் எழுத்துப் பலகையின் கடைசி வரியைக் கடகடவென்று வாசித்தேன்.

“அருமை,” என்றார் டாக்டரம்மா. “கசக்காதீங்க. கண்ணுக்குள்ள தண்ணி, தூசி போகக் கூடாது. சொட்டு மருந்தை நேரத்துக்கு விடுங்க. ராத்திரியில விளக்கைச் சுத்தி வளையம் தெரியும், கண்ணு கொஞ்ச நாள் உலர்ந்தாப்ல இருக்கும். போகப் போகச் சரியாயிடும்.” பிறகு என் மனைவியைப் பார்த்துச் சிரித்தார். “போன மாசம் நீங்க வந்து நோட்டீஸ் வாங்கிட்டுப் போனப்ப, ‘அவர் லேசுல வரமாட்டார்’னு சொன்னீங்களேம்மா. எப்படிக் கூட்டிட்டு வந்தீங்க?”

“வேணாம்னு சொன்னேன் டாக்டர்.”

“அவ்வளவுதானா?”

“ஒரு தடவைதான். ரெண்டாவது தடவை சொல்லியிருந்தா நின்னிருப்பார்.”

கறுப்புக் கண்ணாடிக்குள் என் புதிய கண்கள் சிவந்தன. வீட்டு வாசலில் வெடித்தேன். எதிர்வீட்டுக்காரர் ஏணியில் இருந்தார். இருக்கட்டும், சாட்சிக்கு ஆள் வேண்டும்.

“இனிமே உன் தந்திரம் எங்கிட்டப் பலிக்காது! நீ எதை வேணாம்னு சொன்னாலும் சரி, அதை நான் செய்யவே மாட்டேன். இது சத்தியம்!”

“நான் கேட்டேன் அண்ணே!” என்றார் ஏணியிலிருந்து.

“எதைச் சொன்னாலுமா?” என்றாள் அவள்.

“எதைச் சொன்னாலும்!”

“அப்ப, இனிமே என்னை எதிர்த்துப் பேச வேணாம்.”

பேச வாயைத் திறந்தேன். சத்தியம் தடுத்தது. வாயை மூடிக்கொண்டு, சொட்டு மருந்துக்குக் கண்ணைத் திறந்தேன்.