ஆடி மாதத்துக் கூடாரம்

சரவணை,
05.08.1974

அன்பு மகன் பாலசிங்கத்துக்கு,

நயினாதீவு அம்பாளின் அருளால் நானும் உன் அம்மாவும் உயிரோடு இருக்கிறோம். இதை ஏன் முதலில் எழுதுகிறேன் என்பது போகப்போக விளங்கும்.

லண்டனில் இருந்து வந்தால் வீட்டில் தங்காமல், பிள்ளைகளோடு மண்கும்பான் கடற்கரையில் கூடாரம் அடித்துத் தங்கப்போவதாகவும், உன் பழைய சாரணர் கூடாரம் நல்லபடி இருந்தால்தான் பயணம் என்றும் எழுதியிருந்தாய். பரணில் இருந்து இறக்கினேன். நீ போன நாளில் இருந்து ஊறிய பூஞ்சணம். அந்த நாற்றத்துக்குக் கட்டியிருந்த மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. வெயிலில் காயப்போட்டேன், உப்பும் தேசிக்காய்ப் புளியும் போட்டுத் தேய்த்தேன். மரத்தில் தேசிக்காய் முடிந்ததே தவிர நாற்றம் முடியவில்லை. சோளகக் காற்றாவது படட்டும் என்று முற்றத்தில் நாலு கம்பு நட்டு, கூடாரப் படங்கை மேலே விரித்துக் கட்டி, கீழே சட்டியில் சாம்பிராணி போட்டேன். அங்கேதான் என் புத்தி கெட்டது. ஆடி மாதத்தில் ஒருவர் வீட்டிலும் கலியாணம் இல்லை. முற்றத்தில் பந்தலும் சாம்பிராணிப் புகையும் என்றால் ஊருக்கு ஒரே அர்த்தம்தான்.

முதலில் பக்கத்து வீட்டு இரஞ்சிதம் மாமி தலையை விரித்துக்கொண்டு வந்தா. வாசல் படலையில் என்னைக் கண்டதும், அப்படியென்றால் போனது உன் அம்மா சிவக்கொழுந்துதான் என்று முடிவுகட்டி ஒப்பாரியைத் தொடங்கிவிட்டா. குசினியில் இருந்து உன் அம்மா அகப்பையோடு ஓடிவந்து ஆர் செத்தது என்று கேட்க, மாமி மயங்கி விழுந்தா. அவவுக்குத் தண்ணி தெளிக்கிறதுக்குள்ளே முற்றம் நிறைஞ்சு போச்சு. சாவு இல்லையென்று அறிந்தும் ஒருவரும் எழும்பவில்லை. நிழல் நல்லாயிருக்குதென்று இருந்து வெத்திலை போட்டினம். எல்லாருக்கும் தேத்தண்ணி ஊத்தினது செத்துப்போன உன் அம்மாதான்.

கடைசியாக உன் பெரியப்பா அம்பலவாணர் சைக்கிளில் வந்தார். இறங்க முன்னமே, "தம்பி, பொடியனுக்குத் தந்தி அடிச்சாச்சோ?" என்றார். ஒருவரும் சாகவில்லை அண்ணை என்றேன். அவர் முகம் விழுந்துபோனது.

"அப்ப அவன் இந்த முறையும் வரமாட்டான்" என்றார்.

ஊர் கூடினதுக்கு நான் வெட்கப்படவில்லை மகன். அந்தச் சொல்லில்தான் மனம் உடைந்தது.

படங்கில் இப்போது நாற்றம் துண்டாய் இல்லை. இனி நீ சாட்டுச் சொல்ல ஏலாது. மருமகளும் பேரப்பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க எங்கள் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
அப்பா, கதிர்காமு

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போதுதான் கண்டேன். உன் அம்மா கூடாரத்தைக் கிணற்றடியில் நனைத்து, ஈரத்தோடே மடித்துப் பரணில் ஏற்றிவிட்டா. ஏன் என்று கேட்டதற்கு, "நாறட்டும். பிள்ளை வீட்டுக்குள்ள படுக்கட்டும்" என்றா. எனக்கு ஏச வாய் வரவில்லை. ஆகவே கூடாரம் இல்லை. உன் அறைக்கு வெள்ளை அடித்திருக்கிறோம். வருவதென்றால் தந்திக்கு முந்தி வா.